ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு ஹோட்டல், கல்யாணப் பந்தி: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வலங்கைமான் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். மாசியில் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷன், நடந்தது. வீட்டுச் சாப்பாட்டில் ஒரு சிக்கலும் இல்லை. காலையில் ஒரு இட்லியும் முட்டையும், மத்தியானம் குழைய வடித்த சாதம் இரண்டு கரண்டி, பருப்பு, மீன், ராத்திரி தயிரோ பனீரோ. எடை நன்றாக இறங்கியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். என் கவலை முழுக்க வெளியில் சாப்பிடுவதைப் பற்றித்தான்.

ஆவணியில் கொழுந்தனாருக்குக் கல்யாணம். ஆனிக் கடைசியில் திருபுவனத்துக்குப் போய்ப் பட்டு எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் எல்லோருமாகக் கும்பகோணத்தில் ஒரு ஹோட்டலில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். பெண் வீட்டாரும் கூட இருந்தார்கள். ஆளாளுக்கு ஆர்டர் சொல்லும்போது நான் மட்டும் எதுவும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. நெய் ரோஸ்ட் சொன்னேன். ஓரத்து முறுகலைத்தான் கிள்ளிச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் நடு நெஞ்சுக்குப் பின்னால் கல் மாதிரி அடைத்துக்கொண்டது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, மூக்கில் தண்ணீர் கொட்டுகிறது, உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கை கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். என் பெண் பின்னாலேயே வந்து, "அம்மா, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்டாள். சப்ளையர் வேறு, "ரோஸ்ட் நல்லா இல்லையாம்மா, மாத்திக் கொடுக்கவா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்.

கல்யாணத்தில் நான்தான் மூத்த மருமகள். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தச் சாப்பாடு, மறுவீடு என்று மூன்று நாள் பந்தி இருக்கிறது. சம்பந்தி வீட்டார் மாயவரத்துக்காரர்கள், உபசாரத்தில் ஒரு குறை வைக்க மாட்டார்கள். நான் இலையில் மிச்சம் வைத்தால் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆபரேஷன் விஷயம் என் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹோட்டலில் என்ன வாங்கலாம், பந்தியில் எப்படி உட்காரலாம், மற்றவர்களிடம் சொல்லலாமா வேண்டாமா? இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.

திருவாரூர் டீச்சர்

தங்கச்சி, எனக்கும் ஸ்லீவ்தான். முதல் வருஷம் முழுக்க நான் எந்த விசேஷத்திலும் இலை முன்னால் உட்காரவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். பந்தி ஆரம்பித்ததும் பரிமாறுகிறவர்களோடு நின்றுகொண்டு வந்தவர்களைக் கவனிப்பேன். "நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டால், "எல்லாரும் ஆகட்டும், அப்புறம்" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. மூத்த மருமகளுக்கு வேலைக்கா பஞ்சம்? கைப்பையில் வேகவைத்த முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தேறும்வரை இதுதான் நல்லது.

மன்னார்குடி நெல் வியாபாரி

டீச்சர் சொல்வது பாதுகாப்பான வழி. அவர்களுக்கு அது சரியாக அமைந்தது. ஆனால் தங்கச்சி, நான் இதற்கு எதிர்ப்பக்கம் பேசப் போகிறேன். நீங்கள் பந்தியில் உட்காருங்கள். ஹோட்டலுக்கும் போங்கள்.

எனக்கு நெல், உளுந்து, பயறு வியாபாரம். தை மாசியில் சம்பா நெல், பங்குனியில் உளுந்து என்று ஊர் ஊராகச் சுற்றுவதுதான் பிழைப்பு. களத்தில் விலை பேசி முடித்தால் விவசாயியும் லாரிக்காரரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அந்தப் பேச்சு முடிந்ததாக அர்த்தம். எனக்கு இன்சுலின் அளவு ஏறிக்கொண்டே போனதால் டாக்டர் பைபாஸ் செய்யச் சொன்னார். இதயத்தில் செய்வது இல்லை, இரைப்பையில் செய்வது. அப்போது என் வீட்டில் எல்லோரும் சொன்னது, "இனிமே வெளியில சாப்பாடே கிடையாது" என்பதுதான். அப்படி இருந்திருந்தால் சர்க்கரை இறங்கியிருக்கும், ஆனால் நான் மனிதர்களை விட்டு விலகியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ரோஸ்ட். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்கு போல வெட்டி எடுத்துவிட்டு மீதியை நீளவாக்கில் ஒடுக்கமாக விட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் அது 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். எனக்கு மேலே 30 மில்லி அளவில் சின்னப் பை ஒன்றை விட்டு, அதில் குடலைக் கொண்டுவந்து இணைத்திருக்கிறார்கள். இரண்டிலும் இடம் குறைவு, வழியும் குறுகல். ரோஸ்ட் எவ்வளவு முறுகலாக இருந்தாலும் மென்றால் அது மாவுதான். எச்சிலோடு சேர்ந்து ஒன்றாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். பரோட்டா, பிரட், விறைப்பாக வடித்த ஹோட்டல் சாதம் எல்லாவற்றுக்கும் அதே குணம். இதில் பேச்சு சுவாரஸ்யத்தில் மெல்லாமல் விழுங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். மூக்கில் தண்ணீர் வருவது, விக்கல், திடீர்த் தும்மல், இதெல்லாம் உள்ளே இடம் இல்லை என்று உடம்பு சொல்வது. சிலருக்கு ஒன்று வரும், சிலருக்கு இன்னொன்று. வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. நம் ஹோட்டல்களில் உட்கார்ந்த உடனே டம்ளரை நிரப்பி வைத்துவிடுவார்கள். கை தானாக அதற்குத்தான் போகும். நான் டம்ளரை எதிரில் இருப்பவர் பக்கம் நகர்த்திவிடுவேன். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். ரசமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ரசம் எனக்கு உயிர். அதை மட்டும் தனியாக ஒரு டம்ளரில் வாங்கிச் சாப்பாட்டு நேரத்துக்கு ரொம்ப முன்னால் குடித்துக்கொள்வேன்.

ஹோட்டலில் என்ன வாங்குவது என்றால், எது மெத்தென்று ஈரமாக இருக்கிறது, எதில் புரோட்டீன் இருக்கிறது, இந்த இரண்டைத்தான் பார்ப்பேன். டிபன் கடையில் ஒரு இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார். கும்பகோணம் பக்கம் கடப்பா இருந்தால் அது இன்னும் நல்லது, பாசிப்பருப்பு இருக்கிறது. உருளைக்கிழங்கை ஒதுக்கிவிடுவேன். சாப்பாட்டுக் கடையில் கூட்டு, பருப்பு, தயிர். அசைவ மெஸ் என்றால் நமக்கு யோகம்தான், ஏனென்றால் மீன் இருக்கிறது. ஆட்டுக்கறியும் கோழி நெஞ்சுக்கறியும் நார் நாராக அடைக்கும். குழம்பில் வெந்த மீன் அப்படி இல்லை, விரலால் தொட்டாலே உதிர்ந்துவிடும். விரால், சங்கரா, வஞ்சரம் எல்லாம் ஒத்துக்கொள்கிறது. வறுத்த துண்டைவிடக் குழம்புத் துண்டு மேல்.

நாகப்பட்டினத்தில் நான் வழக்கமாகப் போகிற மெஸ் ஒன்று, ஒரு வயதான அம்மா நடத்துகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை போனபோது சாதத்தைக் குவிக்க வந்தவர்களிடம் கையை மறித்து, "வயித்துல ஆபரேஷன்மா, மீன் மட்டும் போதும், காசு முழுச் சாப்பாட்டுக்கே எடுத்துக்குங்க" என்று சொன்னேன். பதில் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சாஸரில் விரால் நடுத்துண்டை வைத்து, அதன் நடுமுள்ளைத் தன் விரலாலேயே உருவி எடுத்து, மேலே குழம்பைக் கொஞ்சம் விட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். "முள்ளு இருக்கான்னு பார்த்துப் பார்த்துத் தின்னா நேரமாகும்லப்பா, உனக்கு அது நல்லதுதானே, ரெண்டு மூணு சின்ன முள்ளு விட்டிருக்கேன்" என்றார்கள். டயட்டீஷியன் ஒரு மணி நேரம் சொன்னதை அந்த அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள். முள் மீன் தின்கிறவன் வேகமாகத் தின்ன முடியாது. இன்றைக்கும் நான் போனால் அந்த சாஸர் வரும். கல்லாவில் மீனுக்கு மட்டும்தான் காசு வாங்குகிறார்கள்.

ஹோட்டல்காரரிடம் சொல்வதற்கு இதைவிடப் பெரிய வித்தை எதுவும் இல்லை. உட்காருவதற்கு முன்னால் கல்லாவில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், உட்கார்ந்த பிறகு சப்ளையரிடம் இல்லை. அவர் பாவம், ஆறு மேசையைப் பார்க்கிறார். அளவில்லாச் சாப்பாட்டை இரண்டு பேர் பங்கு போடுவதை நிறையக் கடைகளில் விடமாட்டார்கள். அது அவர்கள் நியாயம். முன்கூட்டியே பேசிவிட்டால் எங்கேயும் சண்டை வந்ததில்லை. உங்கள் டாக்டரிடம் "இன்ன ஆபரேஷன் நடந்திருக்கிறது, குறைந்த அளவுதான் சாப்பிட முடியும்" என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் உதவும்.

இனி பந்தி. முதல் பந்தியில் உட்காராதீர்கள். பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பரிமாறுகிறவர்கள் ஓடுவார்கள். சாம்பார் சாதம் முடிவதற்குள் ரசம் வந்துவிடும். கால் மணி, இருபது நிமிஷத்தில் இலையை மூடியாக வேண்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டிய நமக்கு அது ஆகாது. கடைசிப் பந்திதான் நமக்கு. மூத்த மருமகள், வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு வீட்டு மனிதர்களோடு கடைசியில் உட்கார்ந்தால் ஊரே மெச்சும். அந்தப் பந்தியில் யாருக்கும் அவசரம் இல்லை. சமையல்காரரே வந்து நின்று பேசுவார். அதுவரை பட்டினி இருக்காமல், டீச்சர் சொன்ன முட்டையையோ சுண்டலையோ இடையில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த யோசனை எனக்கும் பிடித்தது.

தலைவாழை இலை போட வந்தால், "எனக்கு ஏட்டு இலையில சின்னதா ஒண்ணு போடுங்க" என்று கேளுங்கள். குழந்தைகளுக்குப் போடுகிற துண்டு இலை. பெரிய இலையில் நீங்கள் வாங்கும் ஒரு கரண்டி, காலி இலையாகத்தான் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும், உடனே இன்னும் கொண்டுவந்து போடுவார்கள். சின்ன இலையில் அதே அளவு நிறைவாகத் தெரியும். பக்கத்தில் உங்கள் பெண்ணை உட்கார வையுங்கள். வடை, அப்பளம், இனிப்பு எல்லாம் அவள் இலைக்குப் போகட்டும். நீங்கள் எடுக்க வேண்டியது பருப்பு, கூட்டு, அவியலில் வெந்த காய், கடைசியில் தயிர். சாதம் வேண்டுமானால் பருப்பு சாதத்துக்கு ஒரு பிடி. நெய்யை ஒரு சொட்டோடு நிறுத்துங்கள்.

இனிப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். திருவையாற்று அசோகாவும் பால் பாயசமும் எங்கேயும் ஓடிவிடாது. பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரைப் பண்டம் சட்டென்று குடலுக்குள் இறங்கி, பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் வியர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு கலங்கிவிடும். டம்பிங் என்பார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை குறைந்து தலைசுற்றுவது இன்னொரு வகை. ஸ்லீவில் குறைவு என்றாலும் வராது என்று சொல்ல முடியாது. என்னோடு ஒரே சமயத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட பட்டுக்கோட்டைக்காரர் ஒருவருக்கு வளைகாப்பு வீட்டில் பாயசம் குடித்ததும் இப்படி ஆகிவிட்டது. மாரடைப்பு என்று நினைத்து வீட்டில் அழுகையே வந்துவிட்டதாம். கல்யாண வீட்டில் அப்படி ஒன்று நடக்க வேண்டாம்.

சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லலாம், ஆனால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. "வயித்துல ஒரு ஆபரேஷன் ஆச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடணும்" என்றால் போதும். அது பொய் இல்லை, விளக்கமும் தேவையில்லை. என்ன ஆபரேஷன், எவ்வளவு செலவு, எத்தனை கிலோ என்று குடைகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பேச்சை மாற்றுங்கள். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் உங்கள் மாமியார் மூலமாக, பெண்ணின் அம்மா காதில் முன்னாலேயே போட்டு வையுங்கள். மாயவரத்து உபசாரம் அன்பில் வருவது. காரணம் தெரிந்தால் அந்த அன்பே உங்களுக்குக் காவல் நிற்கும், இலைக்கு வருகிற கரண்டியை அவர்களே தடுப்பார்கள்.

பந்திக்கு வராமல் இருந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பெண் அந்த ஹோட்டலில் கேட்டாளே, மறுபடியும் ஆஸ்பத்திரியா என்று, அவளுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

குடந்தை மெஸ் நடத்துபவர்

அடுப்படிப் பக்கத்திலிருந்து நானும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். இலையில் மிச்சம் இருந்தால் எங்களுக்கு மனசு உறுத்தும், அது உண்மை. உப்பு கூடிவிட்டதா, சாதம் நறுக்கரிசியாக இருக்கிறதா என்று மாஸ்டர் வெளியே வந்து பார்ப்பார். அந்த சப்ளையர் உங்களைக் கேட்டதும் அந்த பயத்தில்தான், கோபத்தில் இல்லை. "உடம்பு முடியலை, சாப்பாடு நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் நிம்மதியாகிவிடுவோம்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு மேல். நடுவில் வந்தால் உங்களுக்கென்று எதையும் மாற்றிச் செய்ய ஆள் இருக்காது. இட்லி கேட்கும்போது "இப்ப இறக்கினது" என்று கேட்டு வாங்குங்கள். ஹாட்பாக்ஸில் கிடந்த இட்லி மேலே காய்ந்து விறைத்திருக்கும். பொங்கல் வாங்காதீர்கள். ஹோட்டல் பொங்கலில் விழுகிற நெய்யும் டால்டாவும் உங்கள் வயிற்றுக்கு அதிகம். ஆம்லெட் என்றால் "எண்ணெய் கம்மியா, முறுகாம, வெங்காயம் இல்லாம" என்று சொல்லுங்கள். வத்தக்குழம்பு, புளிக்குழம்பில் வெல்லம் சேர்க்கும் வழக்கம் நிறைய இடத்தில் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தால் கட்டித் தரச் சொல்லுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. கல்யாணத்துக்குச் சமையல் எடுத்திருக்கிற காண்டிராக்டரிடம் முதல் நாளே சொன்னால் உங்களுக்கு மட்டும் இரண்டு கரண்டி சாதத்தைக் குழைய விட்டு எடுத்து வைப்பார். நாங்கள் குழந்தைகளுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் எப்போதும் செய்வதுதான்.

தஞ்சை டயட்டீஷியன்

மன்னார்குடி அண்ணன் சொன்னதில் பெரும்பாலானவை நாங்கள் சொல்வதுதான். சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் போல, பனீரில் 18 கிராம் போல வரும். இட்லி ஒன்றில் 2 கிராம்தான். கல்யாண நாட்களில் சைவப் பந்தியை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது, காலையிலேயே முட்டையோ புரோட்டீன் பவுடரோ எடுத்துவிடுங்கள். ஆபரேஷன் ஆகி மூன்று மாதத்துக்கு மேல் பலருக்கு முடி கொட்டும். அது பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், ஆனால் புரோட்டீனும் இரும்பும் குறைந்தால் நீடிக்கும்.

டிகிரி காபி பற்றி எல்லோரும் கேட்பார்கள். உங்கள் டாக்டர் அனுமதித்திருந்தால் சர்க்கரை இல்லாமல் அரை டவரா குடிக்கலாம், சாப்பிட்ட கையோடு வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையோடு காபியோ டீயோ சேர்ந்தால் மாத்திரை உடம்பில் சரியாக ஒட்டாது, இரண்டுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். சோடா, கலர் எதுவும் வேண்டாம். கல்யாண அலைச்சலில் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள். இவை ஆயுசுக்கும் உண்டு. தலைவலி, கால்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு அது புண்ணைக் கொண்டுவரும், ஸ்லீவ்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

முக்கியமான ஒன்று. எப்போதாவது அடைத்துக்கொள்வது சகஜம். ஆனால் மெத்தென்ற உணவுகூட அடிக்கடி நிற்கிறது, தினமும் வாந்தி வருகிறது என்றால் "வேகமாகச் சாப்பிட்டுவிட்டேன்" என்று விட்டுவிடாதீர்கள். வழி ஒடுங்கியிருக்கலாம். தொடர்ந்து வாந்தி எடுத்தால் பி1 சத்து இறங்கி நரம்பைத் தாக்கும். உடனே உங்கள் சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

வலங்கைமான் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. டயட்டீஷியன் மேடம், எனக்கு அந்த ஹோட்டலுக்குப் பிறகு அடைக்கவில்லை, வாந்தியும் இல்லை. அடுத்த செக்கப்பில் இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணா, நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். இலை விஷயத்தைக் கேட்டதும், "ஏட்டு இலை நானே எடுத்து வைக்கிறேன், நீ ஏன் கேக்கணும்" என்றார்கள். மாயவரத்துக்குப் போன் பண்ணிப் பெண்ணின் அம்மாவிடம் பேசியும் விட்டார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்கு ஹோட்டல்ல நாங்கதான் ரோஸ்ட் சாப்பிடச் சொல்லி வற்புறுத்திட்டமோ?" என்பதாம். அந்தக் கவலை அவர்களுக்கு இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கடைசிப் பந்தியில் என்னோடு தானும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சர், கைப்பை முட்டையை விடப்போவதில்லை.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போனபோது மற்றவர்கள் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று பிரித்தார்கள். நான் தயிர் சாதத்தை நன்றாக மசித்துத் தனியாகக் கொண்டுபோய் எல்லோரோடும் உட்கார்ந்தே சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கல்யாணம் முடிந்து மறுவீட்டில் கறி விருந்து. மீன் இருக்காது, ஆட்டுக்கறியும் கோழியும்தான். அங்கே என்ன செய்வது?

மன்னார்குடி நெல் வியாபாரி

பெண்ணின் அம்மா அப்படிக் கேட்டார்களா! அந்த வீட்டுப் பெண் உங்கள் வீட்டுக்கு வருவது நல்ல விஷயம் தங்கச்சி.

கறி விருந்துக்கு ஈரல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டு ஈரலை மிளகு போட்டு அதிகம் வதக்காமல் எடுத்தால் மெத்தென்று இருக்கும், இரும்பும் பி12-ம் நிறைய. ரொம்ப நேரம் வதக்கினால் ரப்பராகிவிடும், அதனால் உங்களுக்கு இரண்டு துண்டை முன்னாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் கொத்துக்கறி, குழம்போடு சேர்த்துச் சின்னச் சின்ன வாயாக. சுக்கா, வறுவல், பிரியாணித் துண்டு எதையும் தொடாதீர்கள். எலும்பு சூப் கட்டாயம் இருக்கும். அதை விருந்துக்கு அரை மணி நேரம் முன்னால் தனியாகக் கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள், இலையில் உட்கார்ந்த பிறகு வேண்டாம். அவித்த முட்டை எப்படியும் வைப்பார்கள், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.